பில் பிரிண்டரும் சீரியல் போர்ட்டும்: கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில் பிரிண்டர் மாட்டிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. சீரியல் போர்ட் என்பது ஒரு கம்பியில் பிட் பிட்டாகத் தரவு அனுப்பும் பழைய வகை இணைப்பு. மளிகைக்கடை, மருந்துக்கடை, ஓட்டல், எடைமேடை என்று எங்கே போனாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பிரிண்டருக்குப் போகும் குறியீடுகளைப் பதின்ம எண்களாகக் கொடுத்திருக்கிறேன்.

யுஎஸ்பி இருக்கும்போது இன்னும் எதற்குச் சீரியல்?

பழைய பிரிண்டர் சாகாததுதான் முதல் காரணம். நல்ல தெர்மல் பிரிண்டரோ டாட் மேட்ரிக்ஸோ பதினைந்து வருடம் ஓடும். அதன் முதுகில் இருப்பது சீரியல் போர்ட் மட்டும் என்றால் அதோடுதான் குடித்தனம். அடுத்தது மென்பொருள். சில பில்லிங் புரோகிராம்களுக்கு காம் போர்ட்டை (விண்டோஸில் சீரியல் போர்ட்டின் பெயர்) தவிர வேறு வாசல் தெரியாது. மூன்றாவது தூரம். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆர்எஸ்-232 எனும் சீரியல் தரத்தின் கேபிள் 15 மீட்டர் வரை சாதாரணமாகப் போகும், வேகத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கூட. கல்லாவிலிருந்து சமையலறைக்கு ஆர்டர் சீட்டு அனுப்பும் ஓட்டல்களில் இந்த வித்தியாசம் பெரிது.

புதிதாக வாங்குபவருக்கு நான் சீரியலைச் சொல்வதில்லை. தூரம்தான் பிரச்சினை என்றால் ஈதர்நெட் பிரிண்டர் வாங்குங்கள், 100 மீட்டர் வரை கவலை இல்லை. இந்தப் பக்கம் ஏற்கெனவே கையில் சீரியல் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு.

பிரிண்டரில் 25 துளை சாக்கெட், கணினியிலும் 25 துளை சாக்கெட். நேராக மாட்டிவிடலாமா?

கூடாது. பழைய கணினியின் பின்னால் இருக்கும் 25 துளைப் பெண் சாக்கெட் பேரலல் போர்ட் (பல கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும் இணைப்பு). பிரிண்டரில் இருக்கும் 25 துளை சாக்கெட் பெரும்பாலும் சீரியல். (பிரிண்டரின் பேரலல் சாக்கெட் 36 தொடர்புகளோடு, இரு பக்கமும் கம்பிக் கொக்கி வைத்து, அகலமாக இருக்கும்.) பேரலல் 5 வோல்ட்டில் வேலை செய்வது. சீரியல் கம்பியில் மைனஸ் 12 வரைக்கும் வரலாம். மாற்றி மாட்டினால் ஏதாவது ஒன்று போகும். கணினியில் சீரியல் என்பது 9 ஊசி வெளியே தெரியும் ஆண் சாக்கெட்.

இன்னொன்று: தெர்மல் பிரிண்டர் பின்னால் டெலிபோன் சாக்கெட் மாதிரி ஒன்று இருக்கும். அது கல்லாப்பெட்டியைத் திறக்க 24 வோல்ட் அனுப்பும் இடம். அதில் டெலிபோன் கம்பியை மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டாதீர்கள்.

அமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கணினியிலிருந்து அல்ல, பிரிண்டரிலிருந்து. பிரிண்டரை அணைத்துவிட்டு, ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் போடுங்கள். டாட் மேட்ரிக்ஸில் எல்எஃப் பொத்தான். செல்ஃப் டெஸ்ட் சீட்டு வரும். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில் அந்தச் சீட்டிலேயே பாட் ரேட் (வேகம்), டேட்டா பிட், பாரிட்டி, ஹேண்ட்ஷேக் (பிரிண்டர் கணினியிடம் ‘பொறு’ என்று சொல்லும் முறை) எல்லாம் அச்சாகிவிடும். கணினியில் எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சீட்டைக் கையில் வையுங்கள். பிரிண்டர் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதற்குக் கணினியைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் என்ன போட்டிருக்கிறது, யூடியூபில் யார் என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் இங்கே மதிப்பில்லை.

செல்ஃப் டெஸ்ட்டே சரியாக வரவில்லை என்றால் அது ரோல், ஹெட், பவர் சங்கதி. சீரியலோடு சம்பந்தமில்லை.

9600, 8, என், 1 என்றால் என்ன?

நொடிக்கு 9600 பிட். ஒவ்வொரு எழுத்துக்கும் 8 டேட்டா பிட். பாரிட்டி எனும் சரிபார்ப்புப் பிட் இல்லை. ‘என்’ என்பது ‘நன்’. முடிவில் ஒரு ஸ்டாப் பிட். இவற்றுக்கு முன்னால் சொல்லாமலே ஒரு ஸ்டார்ட் பிட் போகும். ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட், நொடிக்கு 960 எழுத்து. இந்த 960 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், தமிழ் பில் விஷயத்தில் தேவைப்படும்.

இரண்டு பக்கமும் இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். சீரியல் கம்பியில் ‘நான் இந்த வேகத்தில் பேசுகிறேன்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடே கிடையாது. யுஎஸ்பி பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பிரிண்டர் பக்கம் வேகத்தை மாற்றுவது எப்படி?

பழைய மாடல்களில் அடியில் ஒரு சின்ன மூடிக்குள் டிப் சுவிட்ச் எனும் குட்டிச் சுவிட்சுகளின் வரிசை இருக்கும். எந்தச் சுவிட்ச் எதற்கு என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும், சிலவற்றில் மூடிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். பேனா முனையால் தள்ளலாம். பென்சில் வேண்டாம், கரித்தூள் மின்சாரம் கடத்தும். புதிய மாடல்களில் ஃபீட் பொத்தானை எண்ணி எண்ணி அழுத்தும் மெனு, அல்லது தயாரிப்பாளர் தரும் மென்பொருள்.

பிரிண்டர் டிப் சுவிட்சைப் படிப்பது பவர் போடும் அந்த நொடியில்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளினால் ஒன்றும் மாறாது. மாற்றியபின் அணைத்துப் போட்டு, மறுபடி செல்ஃப் டெஸ்ட் எடுத்து உறுதி செய்யுங்கள். ‘சுவிட்சை மாத்திட்டேன் சார், அப்படியும் வரலை’ என்று வரும் அழைப்புகளில் பாதி இதுதான்.

விண்டோஸில் எங்கே அமைப்பது? மூன்று இடங்களில் கேட்கிறதே?

டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் காம் போர்ட் இருக்கும். அதன் பண்புகளில் வேகம் முதலானவற்றை வைக்கலாம். விண்டோஸ் டிரைவர் வழியாக அச்சிடும்போது இந்த அமைப்புதான் செல்லும். பிரிண்டர் பண்புகளின் ‘போர்ட்ஸ்’ தாளில் ‘கன்ஃபிகர் போர்ட்’ அழுத்தினாலும் வருவது இதே பெட்டிதான்.

ஆனால் பில்லிங் மென்பொருள் காம் போர்ட்டை நேராகத் திறந்து பேசுகிறது என்றால், அது தன் அமைப்புகளைத் தானே போட்டுக்கொள்ளும். அப்போது டிவைஸ் மேனேஜரில் நீங்கள் எதை வைத்தாலும் மதிப்பில்லை; மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காம் போர்ட்டை ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். ‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் வேறு யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

சோதனைக்கு டிரைவரே வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டில் ‘மோட் காம்3: பாட்=9600 பாரிட்டி=என் டேட்டா=8 ஸ்டாப்=1’ என்று கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் ‘எக்கோ டெஸ்ட் > காம்3’ என்று கொடுங்கள். அந்தச் சொல் தாளில் வந்தால் கேபிளும் அமைப்பும் சரி. இனி என்ன கோளாறு வந்தாலும் அது மென்பொருள் பக்கம். போர்ட் எண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெறும் பெயர் போதாது, \\.\காம்12 என்று முன்னொட்டோடு கொடுக்க வேண்டும். இந்த முன்னொட்டு தெரியாத பழைய மென்பொருள்கள் 9க்கு மேல் போர்ட்டையே காணாது.

எந்தக் கேபிள் வாங்க வேண்டும்? கடையில் ‘நல் மோடமா, ஸ்ட்ரெயிட்டா’ என்று கேட்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அறுபதுக்கு மேல். ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது. டெலிடைப் போன்ற முனையத்தையும் (தட்டிச் செய்தி அனுப்பும் கருவி) மோடத்தையும் (தொலைபேசிக் கம்பியில் தரவு அனுப்பும் கருவி) இணைக்கத்தான். முனையம் 2ஆம் பின்னில் (ஊசியில்) பேசும், மோடம் அதே 2இல் கேட்கும். நேர்க் கேபிள் போதும். பிரிண்டரை நேராகக் கணினியில் மாட்டுவது அப்போது யாருடைய எண்ணத்திலும் இல்லை. இன்று கணினியும் முனையம், பிரிண்டரும் முனையம். இரண்டு வாய்கள் எதிரெதிரே. அதனால் கம்பிகளைக் குறுக்கே மாற்ற வேண்டும். அந்தக் குறுக்குக் கேபிளுக்குப் பெயர்தான் நல் மோடம்.

இதற்கு மேல் 1984இல் ஐபிஎம் பிசி ஏடி 25 பின்னை 9 பின்னாகச் சுருக்கியபோது எண்களும் இடம் மாறிவிட்டன. 25 பின்னில் 2 பேசுவது, 3 கேட்பது. கணினியின் 9 பின்னில் 2 கேட்பது, 3 பேசுவது. விளைவு என்ன தெரியுமா? 9 பின்னிலிருந்து 25 பின்னுக்குப் போகும் கேபிளில் 2ஐ 2க்கும், 3ஐ 3க்கும் போட்டால் அதுதான் குறுக்குக் கேபிள்! பார்க்க நேராக இருக்கும், வேலையில் குறுக்கு. சால்டரிங் கற்றுக்கொண்ட காலத்தில் இதை ‘சரி’ செய்யப்போய் ஒரு நாள் முழுக்க வீணடித்தவன் நான்.

பெரும்பாலான 25 பின் பில் பிரிண்டர்களுக்கு நான் போடும் இணைப்பு இது. முதலில் கணினியின் 9 பின் பக்கம், பிறகு பிரிண்டரின் 25 பின் பக்கம்:

3 → 3 (கணினி பேசுவது, பிரிண்டர் கேட்பது)
2 ← 2 (பிரிண்டர் பேசுவது)
5 – 7 (தரை, அதாவது கிரவுண்ட்)
4 → 6 (கணினி தயார் என்ற குறி)
8, 6 இரண்டையும் சேர்த்து ← 20 (பிரிண்டர் தயார் என்ற குறி)

கடைசி வரியில் பிரிண்டரின் 20ஐக் கணினியின் 6, 8 இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். சில மென்பொருள்கள் 6ஐப் பார்க்கும், சில 8ஐப் பார்க்கும். இரண்டுக்கும் கொடுத்துவிட்டால் தலைவலி இல்லை. கடையில் கிடைக்கும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் 2, 3, 5 மூன்று கம்பி மட்டும்தான் உள்ளே இருக்கும். ‘டெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல் அதிலும் அழகாக அச்சாகும். நீள பில்லில்தான் சாயம் வெளுக்கும்.

பிரிண்டர் பக்கமும் 9 பின் அல்லது ஆர்ஜே-45 என்றால் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அங்கே பிரிண்டரோடு வந்த கேபிளைத் தொலைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கேபிள் சரியா என்று பிரிண்டர் இல்லாமலே பார்க்க முடியுமா?

ஒரு மல்டிமீட்டர் போதும். சீரியலில் பேசும் கம்பி சும்மா இருக்கும்போது மைனஸ் மின்னழுத்தத்தில் நிற்கும். 1 என்ற பிட்டுக்கு மைனஸ், 0க்கு பிளஸ். அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட், பெறும் பக்கம் 3 வோல்ட்டைத் தாண்டினாலே புரிந்துகொள்ளும். கணினியின் 9 பின்னில் கறுப்பு முள்ளை 5இலும் சிவப்பை 3இலும் வைத்துப் பாருங்கள். மைனஸ் 5க்கும் மைனஸ் 12க்கும் நடுவில் காட்ட வேண்டும். பிரிண்டரின் 25 பின்னில் கறுப்பு 7, சிவப்பு 2, அங்கேயும் மைனஸ்.

இப்போது கேபிளின் ஒரு முனையைக் கணினியில் மாட்டி, பிரிண்டருக்குப் போகும் முனையில் அளந்து பாருங்கள். மைனஸ் மின்னழுத்தம் 3ஆம் பின்னில் வந்தால் கேபிள் சரி. 2ஆம் பின்னில் வந்தால் இரண்டு பேரும் ஒரே கம்பியில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நல் மோடம் அடாப்டர் ஒன்றை நடுவில் போட்டால் தீர்ந்தது.

கணினியின் போர்ட்டே உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 2ஐயும் 3ஐயும் ஒரு ஜெம் கிளிப்பால் இணையுங்கள். புட்டி போன்ற டெர்மினல் புரோகிராமில், ஹேண்ட்ஷேக்கை ‘நன்’ என்று வைத்து, அந்தப் போர்ட்டைத் திறந்து எதையாவது தட்டினால் தட்டியது அப்படியே திரையில் திரும்பி வர வேண்டும். கிளிப்பை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். (விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஹைப்பர்டெர்மினல் விஸ்டாவிலிருந்து இல்லை, தேடாதீர்கள்.)

குப்பை எழுத்தாக வருகிறது. எதை மாற்றுவது?

குப்பையிலும் ரகம் உண்டு. ரகம் பார்த்தால் மருந்து தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா அமைப்பையும் மாற்றத் தொடங்கினால் இருப்பதும் போகும்.

ஒரு எழுத்துகூடச் சரியில்லை, அனுப்பியதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ எழுத்து வருகிறது என்றால் பாட் ரேட் பொருந்தவில்லை. தாள் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தாலும் பெரும்பாலும் அதேதான். பல எப்சன் டிஎம் மாடல்களில் பெறும்போது பிழை வந்தால் ‘?’ அச்சிடு என்றொரு டிப் சுவிட்ச் அமைப்பு உண்டு.

பாதி சரி, பாதி தப்பு என்றால் எனக்குச் சந்தோஷம். வேகம் சரி, பாரிட்டிதான் தவறு. 0123456789 என்று அனுப்பிப் பாருங்கள். 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக வந்து, 1, 2, 4, 7, 8 கெட்டிருந்தால் ஒரு பக்கம் 7 பிட் ஈவன் பாரிட்டி, மறுபக்கம் 8 பிட் பாரிட்டி இல்லை. காரணம் எளிது: இரண்டிலும் மொத்தம் 10 பிட்தான், அதனால் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் இல்லை. ஈவன் பாரிட்டியில், இரட்டைப்படை எண்ணிக்கையில் 1கள் உள்ள எழுத்துக்கு எட்டாவது இடத்தில் 0 போகும். அது 8 பிட் எழுத்தாகவும் சரியாகவே படிக்கப்படும். ஒற்றைப்படை உள்ளவை மாட்டிக்கொள்ளும். கெட்ட இடங்களில் கோடு, கட்டம், ஐரோப்பிய எழுத்து என்று விநோதமாக வந்தால் 7 பிட்டில் இருப்பது கணினி. கெட்ட இடங்களில் ‘?’ வந்தால் 7 பிட்டில் இருப்பது பிரிண்டர். சரியான எண்கள் தலைகீழாக 1, 2, 4, 7, 8 என்றிருந்தால் ஆட் பாரிட்டி. இரண்டு பக்கமும் 8, என், 1 வைத்துவிடுங்கள். இன்று 7 பிட்டுக்குக் காரணமே இல்லை.

கிரேக்க ஆல்பா எழுத்தும் « அல்லது » குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? சீரியல் அமைப்பில் கை வைக்காதீர்கள், அது முழுக்கச் சரி. யுடிஎஃப்-8 (கணினிகள் தமிழைச் சேமிக்கும் எழுத்துக் குறியாக்கம்) தமிழை அப்படியே பிரிண்டருக்கு அனுப்புகிறது உங்கள் மென்பொருள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்); முதல் இரண்டு பைட் எப்போதும் 224, 174 அல்லது 224, 175. பிரிண்டரின் 437ஆம் எழுத்துப் பட்டியலில் அவை ஆல்பாவும் அந்தக் குறிகளும்தான். பிரிண்டர் சொன்னபடி கேட்டிருக்கிறது, பாவம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் ஹெக்ஸ் டம்ப். எப்சன் டிஎம் வகையில் மூடியைத் திறந்து வைத்து, ஃபீட்டை அழுத்தியபடி பவர் போட்டு, பிறகு மூடியை மூடுங்கள். வந்து சேரும் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகவே அச்சிடும். அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வரும்.

சின்ன பில் சரியாக வருகிறது, பெரிய பில்லில் நடுவில் வரிகள் காணவில்லை. ஏன்?

ஹேண்ட்ஷேக் வேலை செய்யவில்லை. பிரிண்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, பல மாடல்களில் 4 கேபி (கிலோபைட்). தாள் நகரும் வேகத்தைவிடக் கணினி வேகமாக ஊற்றினால் தொட்டி நிரம்பும். நிரம்பப் போகும்போது பிரிண்டர் ‘பொறு’ என்று சொல்லும். அதைக் கணினி கேட்கவில்லை என்றால் வழிந்தது வழிந்ததுதான்.

‘பொறு’ என்று சொல்ல இரண்டு வழி. ஒன்று, தனிக் கம்பியில் மின்னழுத்தத்தை மாற்றுவது. டிடிஆர்/டிஎஸ்ஆர் என்று பிரிண்டரில் எழுதியிருக்கும். மற்றது, 19 என்ற குறியீட்டை அனுப்பி நிறுத்தி 17ஐ அனுப்பித் தொடரச் சொல்வது, எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். கம்பி வழியைத்தான் நான் எப்போதும் வைப்பேன். மூன்று கம்பிக் கேபிள் மட்டும்தான் இருக்கிறது, புதிது கிடைக்காது என்ற நிலையில் மட்டும் எக்ஸ்ஆன்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. விண்டோஸின் போர்ட் பெட்டியில் ‘ஹார்ட்வேர்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்; மோட் கட்டளையில் ‘ஓசிடிஎஸ்=ஆன்’, ‘ஓடிஎஸ்ஆர்=ஆன்’. பிரிண்டரின் 20ஆம் பின் கணினியின் 6க்கும் 8க்கும் வந்திருந்தால்தான் இது பலிக்கும். அமைப்பை மட்டும் ஆன் செய்துவிட்டு மூன்று கம்பிக் கேபிளை மாட்டினால் கணினி வராத குறிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், ஒரு எழுத்தும் போகாது. ‘ஹார்ட்வேர் போட்டதும் சுத்தமா நின்னு போச்சு’ என்பவர்களுக்கு இதுதான் பதில்.

சோதிக்கச் சுலபமான வழி: நீள பில் ஒன்றை அனுப்பிவிட்டு நடுவில் பிரிண்டர் மூடியைத் திறந்து, பத்து எண்ணி மூடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரி விட்டுப்போனால் ஹேண்ட்ஷேக் இல்லை.

தமிழில் பில் அடித்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பிரிண்டர் பழையதாகிவிட்டதா?

இல்லை, கணக்குதான் காரணம். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே கொம்பு முன்னால், கால் பின்னால் என்று அடுக்க வேண்டும். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வாழும் பிரிண்டருக்கு அது தெரியாது. அதனால் மென்பொருள் தமிழ் பில்லைப் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்புகிறது.

80 மிமீ ரோலில், 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில், அகலம் 576 புள்ளி. ஒரு புள்ளி வரிசைக்கு 72 பைட். முப்பது வரி பில், வரிக்கு 30 புள்ளி உயரம் என்றால் 900 வரிசை. மொத்தம் 64,800 பைட். நொடிக்கு 960 என்றால் 67 நொடி! அதே பில் ஆங்கிலத்தில் வரிக்கு 48 எழுத்து, முப்பது வரி, 1,440 பைட், ஒன்றரை நொடி. ஆங்கில பில்லுக்கு 9600 போதும் என்று யாரோ வைத்துவிட்டுப் போனதைத்தான் தமிழ் பில்லுக்கும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பிரிண்டர் அனுமதித்தால் 115200 வையுங்கள். 67 நொடி 6 நொடிக்குள் வந்துவிடும். 38400தான் உச்சம் என்றால் 17 நொடி. வேகம் கூடும்போது கேபிளைக் குட்டையாக வையுங்கள், 115200இல் இரண்டு மூன்று மீட்டர் நல்லது. கூடவே ஹேண்ட்ஷேக் கட்டாயம். படத்தில் ஒரு பைட் தொலைந்தாலும் பிரிண்டர் எண்ணிக்கை தவறி, படத்துக்குப் பின்னால் வருவதையும் படமென்று விழுங்கிவிடும்.

வேகத்தைக் கூட்ட முடியாத பிரிண்டர் என்றால் மென்பொருள்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வெற்று இடத்தைப் படமாக அனுப்பாமல் தாளை நகர்த்தும் கட்டளையாக அனுப்பச் சொல்லுங்கள். பொருளின் பெயரை மட்டும் படமாக்கி, விலையும் அளவும் பிரிண்டரின் சொந்த எண்களில் வரச் சொல்லுங்கள். 27, 42 என்று தொடங்கும் கட்டளையில் ஒரே வரியில் படமும் எழுத்தும் கலக்கலாம். அந்த முறையில் பெயர் 24 புள்ளி உயரத்துக்குள் அடங்க வேண்டும். தமிழ் அதில் நெருக்கிக்கொண்டுதான் நிற்கும், ஆனாலும் படிக்க முடியும். நேரம் பாதிக்கு மேல் குறையும்.

யுஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் எது வாங்கலாம்? அடிக்கடி காம் எண் மாறுகிறதே?

உள்ளே இருக்கும் சிப்தான் விஷயம்: எஃப்டிடிஐ, புரோலிஃபிக் பிஎல்2303, சிஎச்340 மூன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. அசல் என்றால் மூன்றுமே பில் பிரிண்டருக்குப் போதும். போலி சிப்தான் கண்டம். 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் ஒன்று போலி சிப்களின் அடையாள எண்ணை அழித்துவிட, நேற்று வரை ஓடிய கன்வெர்ட்டர்கள் மறுநாள் காணாமல் போயின. போலி பிஎல்2303க்குப் புது டிரைவர் போட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 10’ம் வரும். ரொம்ப மலிவாக வாங்காதீர்கள்.

எண் மாறுவதற்குக் காரணம், தனி வரிசை எண் இல்லாத கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளையில் மாட்டும்போது விண்டோஸ் அதைப் புதுச் சாதனம் என்று நினைப்பதுதான். ஒரு துளையைத் தேர்ந்து அதிலேயே வையுங்கள். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் டிவைஸ் மேனேஜரில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தான். காம்1 முதல் 4க்குள் காலியாக இருப்பதைக் கொடுங்கள். ‘இன் யூஸ்’ என்று காட்டுவது பெரும்பாலும் எப்போதோ மாட்டிக் கழற்றிய கன்வெர்ட்டரின் ஆவி.

லினக்ஸில்?

கன்வெர்ட்டர் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற பெயரில் ‘டெவ்’ அடைவில் வரும். அனுமதி மறுக்கப்பட்டால், உபுண்டு, டெபியனில் உங்கள் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். வேகம் முதலானவற்றை ‘எஸ்டிடிஒய்’ கட்டளை பார்த்துக்கொள்ளும். அதில் ‘ரா’ என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் 10 என்ற பைட் போகும் இடத்திலெல்லாம் லினக்ஸ் 13, 10 என்று இரண்டாக்கி அனுப்பும். எழுத்து பில்லில் தெரியாது, தமிழ்ப் படத்தில் கோணல் கோணலாகத் தெரியும்.

லினக்ஸின் வழக்கமான அமைப்பில் டிடிஆர்/டிஎஸ்ஆர் ஹேண்ட்ஷேக் கிடையாது, ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (கணினி தன் 8ஆம் பின்னைப் பார்க்கும் வகை) மட்டும்தான். மேலே சொன்ன கேபிளில் பிரிண்டரின் 20 கணினியின் 8க்கும் வந்திருப்பதால் அதை ஆன் செய்தால் போதும். கன்வெர்ட்டரை மாட்டியதும் பிரிண்டர் தானாக ‘ஏடி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டால் பயப்படாதீர்கள். மோடம்மேனேஜர் என்ற சேவை அங்கே மோடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது. டாங்கிள் இணையம் பயன்படுத்தாத கடையில் அதை நிறுத்திவிடலாம்.

எலெக்ட்ரானிக் தராசையும் பிரிண்டரையும் ஒரே போர்ட்டில் போடலாமா?

முடியாது. ஆர்எஸ்-232 ஒருவருக்கு ஒருவர். இரண்டு போர்ட் வேண்டும்.

தராசு தொடர்ந்து எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் வகை என்றால், கணினி பூட் ஆகும் நேரத்தில் விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்வதுண்டு. திரையில் அம்புக்குறி பேய் பிடித்தது போல ஓடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் ‘சீரியல் பால்பாயின்ட்’ என்று இருப்பதை ‘டிசேபிள்’ செய்யுங்கள். ‘அன்இன்ஸ்டால்’ செய்தால் மறுபடி வரும்.

கல்லாப்பெட்டி திறப்பதும் தாள் வெட்டுவதும் சீரியல் வழியாக ஆகுமா?

ஆகும். ஈஎஸ்சி/பாஸ் (பில் பிரிண்டர்களுக்கான கட்டளைத் தொகுப்பு) ஏற்கும் பிரிண்டருக்கு 27, 112, 0, 25, 250 அனுப்பினால் பெட்டி திறக்கும். 29, 86, 0 தாளை வெட்டும். முந்தைய பில்லின் தடித்த எழுத்து அடுத்த பில்லிலும் தொடர்ந்தால் ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் 27, 64 அனுப்பச் சொல்லுங்கள்.

புளூடூத் பிரிண்டருக்கு என்ன பாட் ரேட் வைப்பது?

எதை வைத்தாலும் ஒன்றுதான். புளூடூத்தில் வரும் காம் போர்ட் பெயருக்கு மட்டும்தான் சீரியல். வேக எண் காற்றிலேயே கரைந்துவிடும். ஜோடி சேர்க்கும்போது விண்டோஸ் இரண்டு காம் எண் கொடுத்தால் ‘அவுட்கோயிங்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவு எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234.

ஆர்டுயினோ எனும் குட்டி மின்னணுப் பலகையோடு விற்கும் குட்டித் தெர்மல் பிரிண்டரைக் கணினியின் 9 பின்னில் மாட்டலாமா?

பின்னால் ‘டிடிஎல்’ என்று போட்டிருந்தால் நேராக மாட்டாதீர்கள். அது 0க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் பேசுவது, சிலவற்றில் 3.3, உங்கள் போர்ட் மைனஸ் 12 வரை இறங்கும். டிடிஎல் வகை யுஎஸ்பி கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

எல்லாம் ஓடுகிறது. இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

கேபிளின் திருகுகளை இரண்டு முனையிலும் முடுக்குங்கள். சமையலறை பிரிண்டரில் கேபிள் நழுவி வரும் அழைப்புகள்தான் அதிகம். கழற்றி மாட்டும்போது பிரிண்டரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். செல்ஃப் டெஸ்ட் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், தெர்மல் தாள் சில மாதத்தில் வெளுத்துப்போகும். பிரிண்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, காம் எண், வேகம், ஹேண்ட்ஷேக் மூன்றையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் நானாகவே இருந்தாலும் எனக்கு அது நினைவிருக்காது.